ஆடியில் ஆகாது

ஜனவரி 16

காணும் பொங்கல். வழக்கம்போல் திருச்செங்கோட்டில் விருந்து. வழக்கம்போல் போனேன். வழக்கம்போல், போயிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

திருச்செங்கோட்டார் என் சகலை. செங்கோட்டுவேலு என்று பெயர். என் மனைவி வசந்தாமணியின் தங்கை ஈஸ்வரியைக் கட்டியவர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் முதலாளி. படிப்பு எட்டாம் வகுப்பு. நான் விலங்கியலில் முனைவர். ஈரோட்டில் கல்லூரி ஆசிரியன். அந்த வீட்டின் மூத்த மருமகன் என்பதால் முதல் இலை இன்றும் எனக்குத்தான் போடுகிறார்கள். பேச்சு மட்டும் இரண்டாவது இலையைப் பார்த்து நடக்கும்.

இன்று அந்த இரண்டாவது இலையிலிருந்து ஓர் அறிவிப்பு. குடும்பத்தோடு ஆப்பிரிக்கா போகிறோம். தான்சானியா, செரங்கெட்டி சரணாலயம்.

"செலவு என்னுது. ப்ளான் பூராம் அண்ணனுது. அண்ணன் இத்தன வருசமா சிங்கத்தப் புஸ்தகத்துலயே பாத்துட்டு இருக்கறாங்க. ஒருக்கா நேர்ல காட்டிப்போடலாம்னு!"

பந்தியே சிரித்தது. வசந்தாமணியும் சிரித்தாள்.

"ஆடி மாசம் போலாமுங்களாண்ணா? அப்பத்தான் ரிக்கெல்லாம் சும்மா நிக்கும். மழை விழுந்தா எவன் போர் போடறான்?"

ஆடி. ஜூலைக் கடைசி, ஆகஸ்ட். மாட்டுத் தலையும் மான் உடம்புமாக இருக்கும் வில்டபீஸ்ட் மந்தைகள் லட்சக்கணக்கில் மாரா ஆற்றைக் கடக்கும் காலம். உலகமே அதைப் பார்க்கத்தான் அங்கே போகிறது. இந்த மனிதர் தன் ரிக் வண்டி ஓய்வெடுக்கும் மாதத்தைச் சொன்னார். அது சரியான மாதமாக அமைந்துவிட்டது. அவருக்கு எல்லாமே இப்படித்தான் அமையும்.

நான் சொன்னேன்: "ஆடியில் ஆகாது."

"அண்ணா, நீங்களா சொல்றீங்க?"

பஞ்சாங்கத்தைக் கேலி செய்தே இந்த வீட்டில் பெயர் வாங்கியவன் நான். என் கல்யாணத்தில் ராகுகாலம் பார்த்த மாமனாரிடம், ராகு எந்தத் திசையில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டவன்.

"கடல் தாண்டிப் போறது. ஆடியில வேண்டாம் வேலு. சித்திரையில போலாம். உங்க பேத்திக்கும் பள்ளிக்கூடம் லீவு."

"சித்திரை முச்சூடும் சீசனாச்சுங்களே..." அவர் ஈஸ்வரியைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். "சரீங்கண்ணா. நீங்க சொன்னா அப்பீல் கெடையாது. படிச்சவங்க."

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த வசந்தாமணி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். இலையில் ஏதும் குறைகிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். எதுவும் குறையவில்லை.


ஜனவரி 17

நேற்று எழுதியதைப் படித்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதவில்லை. இன்றும் எழுதப் போவதில்லை.


ஜனவரி 24

அரூஷா நகரில் பயண ஏற்பாடு செய்யும் நாசோரோ என்பவரோடு தொலைபேசியில் பேசினேன். நல்ல ஆங்கிலம், நல்ல குரல்.

"விலங்கியல் பேராசிரியரா? அப்படியானால் மசிக்கா பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

மசிக்கா அவர்கள் ஊரின் நெடுமழை. மார்ச்சில் தொடங்கி மே வரை கொட்டும். புல் ஆள் உயரம் வளரும், பாதை சேறாகும். குடிக்க எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகள் ஓரிடத்தில் கூடாமல் சிதறிப்போகும்.

"தெரியும்," என்றேன்.

"சிலருக்கு மழை பிடிக்கும்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மார்ச் முடியும் வரை தேதியை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது என்றார்.

தெரியாமல் என்ன? மூன்றாமாண்டு, தமிழ்வழி, சூழலியல், புல்வெளி மண்டலம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆண்டுதோறும் அந்தப் பாடத்தை எடுத்து வருகிறேன். புதிதில் வகுப்பில் நாக்குக் குழறும் என்ற பயத்தில் முதல் நாளே வீட்டில் ஒத்திகை பார்ப்பேன். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தபடி உரக்கச் சொல்வேன். கேட்க ஓர் ஆள் வேண்டுமே என்று வசந்தாமணியை உட்காரவைப்பேன். புது மனைவி, மறுக்க மாட்டாள். காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

கென்யாவில் களஆய்வு செய்ய ஒரு வாய்ப்பு அந்தக் காலத்தில் எங்கள் துறைக்கு வந்தது. என் பெயர்தான் முதலில் இருந்தது. நிர்வாகக் குழுவில் மாமன் இருந்தவன் போனான். திரும்பி வந்து, அங்கே பால் நன்றாக இருக்கிறது என்றான். அவன்தான் இப்போது துறைத் தலைவர். இதையெல்லாம் மறந்துவிடு என்று சொல்கிறவர்கள், தங்களிடமிருந்து எதுவும் பறிபோகாதவர்கள்.

இன்று நான் பேசும்போதும் வசந்தாமணி பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆங்கிலப் பேச்சு. அவளுக்கு என்ன புரிந்திருக்கும்.


பிப்ரவரி 2

சகலையின் மகள் சிந்துஜா போனில் அழைத்தாள். நாமக்கல்லில் பள்ளி ஆசிரியை.

"பெரிப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. நெட்டுல பாத்தேன். ஏப்ரல், மேல அங்க மழைன்னு போட்டிருக்குதுங்களே?"

"நெட்டுல போடறது யாரு? டிராவல்ஸ்காரன். கூட்டத்த எல்லாம் ஆகஸ்டுக்குத் தள்ளி வெலையேத்தறது அவன் பொழப்பு. நீ எந்தப் பாடம் எடுக்கற?"

"கணக்குங்க பெரிப்பா."

"அதை ஒழுங்கா எடு கண்ணு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சாரிங்க பெரிப்பா" என்று வைத்துவிட்டாள். அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது. பந்தியில் வாய் தவறியது என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று வாய் தவறவில்லை.

அவள் கணவர் வர முடியாதாம். சீசனில் ரிக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் ஊரில் இருக்க வேண்டுமே.


பிப்ரவரி 11

நீலமும் கறுப்பும் உடுத்தினால் அங்குள்ள ஒருவகை ஈ தேடி வந்து கடிக்கும், மண் நிறத்தில் உடை வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். மாலை வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணி காய்ந்த புல் நிறத்தில் ஒரு சுடிதார் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வாழ்நாளில் முதல்முறை. துப்பட்டாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலை முந்தானைபோல் இடுப்பில் செருகியிருந்தாள்.

"இந்த வயசுல இதென்ன வேசம்?" என்றேன்.

உள்ளே போய்ச் சேலைக்கு மாறி வந்தாள். சுடிதாரை அழகாக மடித்துப் பையில் வைத்தாள். தூக்கிப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல என்ன கேடு எனக்கு.


பிப்ரவரி 20

ஈஸ்வரி ஜவுளி எடுக்க ஈரோடு வந்தவள் வீட்டுக்கு வந்தாள். வசந்தாமணி கோயிலுக்குப் போயிருந்தாள். காப்பி நான்தான் போட்டேன்.

"மாமா காப்பி போட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன். மழைதான் வரப்போகுது," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சும்மாதான் சொன்னாள்.

பேச்சுவாக்கில் நான், "உங்க ஊட்டுக்காரருக்கு திடீர்னு ஆப்பிரிக்கா மேல என்ன ஆசை?" என்று கேட்டேன்.

"அவருக்கா? அவருக்குத் துபாயே போரு மாமா. இது அக்காளோட ஆசை. உங்ககிட்டச் சொல்லலியா?"

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா இருக்கறாங்க? போன தீபாவளிக்கு அவரு, 'அண்ணி, உங்களுக்கு என்ன வேணும், வாய் விட்டுக் கேளுங்க'ன்னாரு. அக்கா இதுநாள் வரைக்கும் ஒரு கைக்குட்டை கேட்டதில்ல. அன்னிக்கு, 'அந்த மாடுக ஆத்தத் தாண்டுமாமே, அதைப் பாக்கணும்'னு சொல்லுச்சு. அவரு அரண்டு போயிட்டாரு. எந்த ஆறு, எந்த மாடுன்னு சிந்துஜாவக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அதைப் பாக்கறதுக்குத்தான மாமா போறோம்? சித்திரையில தாண்டுமில்ல?"

தம்ளரைக் கழுவப் போவதுபோல் எழுந்துவிட்டேன்.

"மாமா?"

"தாண்டும்," என்றேன், குழாயைத் திறந்துவிட்டு.


பிப்ரவரி 21

அவள் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று கோபமாக யோசிக்கத் தொடங்கினேன். கல்யாணமான புதிதில், என்றைக்காவது உன்னை அந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று யாரோ சொன்ன ஞாபகம் வந்தது. யாரோ.


மார்ச் 3

நாசோரோவின் எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன். தேதியை மாற்ற வேண்டுமானால் முதலில் திருச்செங்கோட்டில் காரணம் சொல்ல வேண்டும்.


மார்ச் 9

ஈரோட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வசந்தாமணி கடைவீதிக்குப் போய் ஆறு மழைக்கோட்டும் மூன்று குடையும் வாங்கி வந்திருக்கிறாள். குழந்தைக்கு மட்டும் மஞ்சளில். கடைக்காரர் கிடங்கிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்து, "ஏனுங்க்கா, எந்த ஊருக்கு?" என்று சிரித்தாராம். பெட்டிகளின் உள்ளே பிளாஸ்டிக் தாள் வேறு விரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"இருக்கட்டும்," என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதுபோல் சற்று நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பெண்களுக்கு எங்கே போனாலும் வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.


மார்ச் 22

இன்று சொல்லிவிடுவது என்று திருச்செங்கோட்டுக்குப் போனேன். பள்ளிபாளையம் பாலத்தைப் பேருந்து தாண்டும்போது சொல்ல வேண்டிய வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. 'வேலு, நான் சொன்ன மாதம் தப்பு. தெரிந்தே சொன்னேன்.' காவிரியில் தண்ணீர் இல்லை. வாக்கியத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று தோன்றியது. 'வேலு, நான் சொன்ன மாதம் தப்பு.' இவ்வளவு போதும். மனிதன் தப்புச் செய்வதுதானே.

அவர் வீட்டு முன்கூடம் நிறைய ஆட்கள். ரிக் முதலாளிகள், வெள்ளை வேட்டிகள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எழுந்ததால் எல்லோரும் எழுந்தார்கள்.

"வாங்கண்ணா, வாங்க! இவுங்கதான் எங்க சகலை. நான் சொன்னனல்ல? ஆப்பிரிக்காவப் பத்தி இவுங்களுக்குத் தெரியாதது அங்க இருக்கற சிங்கத்துக்கே தெரியாது."

"சீசன்ல தொழிலை உட்டுட்டுப் போறியாமா வேலு? போன வாரம் மூணு பார்ட்டி திரும்பிப் போச்சுன்னாங்க," என்றார் ஒரு வெள்ளை வேட்டி.

"போவுது போ. ஆடியில ஆகாதுன்னு அண்ணன் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. சாமியே கும்புடாத மனுசன் வாயில அது வருதுன்னா என்னமோ இருக்குதுன்னு அர்த்தம். பெரியவங்க சொல்றதுக்குக் காரணம் கேக்கப்படாது."

வெள்ளை வேட்டிகள் என்னை மரியாதையாகப் பார்த்தன. இப்படி ஒரு கூட்டம் என்னைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று? கல்லூரியில் நான் உள்ளே வந்தால் பியூன்கூட எழுவதில்லை. இதற்காகத்தான் இத்தனை காலம் ஏங்கினேன் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. ஏங்கியது கைக்கு வந்தபோது அது திருட்டுப் பொருளாக இருந்தது.

மோர் குடித்தேன். வரிக்குதிரையைப் பற்றி ஒருவர் கேட்டார், விளக்கம் சொன்னேன். எழுந்து வந்துவிட்டேன்.

வசந்தாமணி கதவைத் திறந்ததும், "சொல்லீட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எதை?"

"இல்ல... எந்தப் பெட்டி, எவ்வளவு எடைன்னு."

"ம்," என்றேன்.


மார்ச் 31

நாசோரோவை அழைக்கவில்லை.


ஏப்ரல் 8

சென்னையில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. வெயிலில் நீண்ட வரிசை. ஊசி போட்ட அம்மா, "எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார். வசந்தாமணி, "செரங்கெட்டிங்க" என்றாள். ஒரு முறைகூடத் தடுக்காமல், தன் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல். இவளுக்கு இது எப்படி இவ்வளவு சரளமாக வருகிறது என்று நினைத்தேன். எந்த மனைவிக்கும் கணவன் ஓயாமல் சொன்ன சொல் வாயில் வரத்தானே செய்யும்.

ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு ஊசி போட்ட கை அது. நான் அசையவில்லை.


ஏப்ரல் 26

வந்து சேர்ந்தோம். விமான நிலையத்திலிருந்தே மழை. ஓட்டுநர், வழிகாட்டி இரண்டும் பராகா என்பவர். முகத்தில் எப்போதும் பாதிச் சிரிப்பு. எங்களைத் தவிர வேறு வண்டியே பாதையில் இல்லை. தங்கும் கூடாரத்திலும் நாங்கள் மட்டும்தான்.

சுற்றிலும் புல். பச்சைப் புல். மனிதன் நின்றால் தலை தெரியாது. அதற்குள் சிங்கம் இருக்கலாம், யானைகூட இருக்கலாம். குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "பெரிய தாத்தா, எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தது. தூரத்தில் நனைந்த முதுகுகள் சில தெரிந்தன. எருமைகள் என்றேன். பாறைகள்.

ஆறு பேருக்கும் மழைக்கோட்டு சரியாக இருந்தது. ஈஸ்வரி, "அக்கா, உனக்கு ஜோசியம் தெரியுமா?" என்றாள். வசந்தாமணி குடையை உதறிக்கொண்டே, "பழக்கம்தான்," என்றாள். காய்ந்த புல் நிறச் சுடிதார் அணிந்திருக்கிறாள். காய்ந்த புல் இங்கே எங்கும் இல்லை.


ஏப்ரல் 28

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் வசந்தாமணி தானே பராகாவிடம் போய், "மாரா ரிவர்?" என்று கேட்டாள். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போது அங்கே எதுவும் இருக்காதே அம்மா, பாதையும் மோசம் என்றார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அவள் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. "பரவால்ல. ரிவர்," என்றாள்.

போனோம். நெடுநேரம் குலுங்கிக் குலுங்கிப் போனோம். ஆறு செம்பழுப்பாக நிறைந்து ஓடியது. அக்கரையில் ஒரு கொக்கு. வேறு எதுவும் இல்லை. பராகா கதவைத் திறக்க விடவில்லை. கூரையைத் தூக்கி, எழுந்து நின்று பார்க்கச் சொன்னார்.

"இந்த எடந்தானுங்களா?" என்று வசந்தாமணி என்னிடம் கேட்டாள்.

"ஆமா."

குடை பிடிக்காமல் நின்று அக்கரையைப் பார்த்தாள். ஈஸ்வரி என்னிடம், "மாமா, மாடுக எப்ப வரும்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வசந்தாமணி, "அதுக்கென்ன பஸ்ஸா, டைமுக்கு வாறதுக்கு? மழையில எங்கியோ ஒதுங்கியிருக்கும்," என்று சொல்லிவிட்டாள்.

திரும்பும் வழியில் வண்டி புதைந்தது. நம் ஊர்க் கரிசல் போலவே மண். பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டன. பராகா சுற்றிலும் நோட்டம் விட்டு, ஆண்கள் இறங்கலாம் என்றார். வேலு காத்துக்கொண்டிருந்தவர்போல் பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு குதித்தார். சிந்துஜாவும் ஈஸ்வரியும்கூட இறங்கி வண்டியை ஒட்டி நின்றார்கள். மழையை அண்ணாந்து பார்த்து வேலு கத்தினார்: "அண்ணா! நம்மூருல ஆயிரம் அடி ஓட்ட போட்டாலும் பொகைதான் வருது. இங்க பாருங்க, மேலயிருந்து சும்மா ஊத்தறான்! எங்கண்ணன் கூட்டியாந்தது விலங்கு பாக்கவா, தண்ணி பாக்கவா? எனக்குத் தண்ணிதாஞ் சாமி!" பராகாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். இருவரும் சேற்றில் முழங்காலிட்டு, சக்கரத்துக்கு அடியில் கிளைகளைத் திணித்தார்கள்.

அந்த மனிதரின் பயணத்தைக் கெடுக்கத்தான் இவ்வளவும் செய்தேன். இத்தனை மாதமாக எழுதாமல் விட்டதை இப்போது எழுதிவிட்டேன். அவரோ வாழ்க்கையில் இதைவிடச் சந்தோஷமாக இருந்ததில்லை என்பதுபோல் சேற்றில் நின்றார்.

வண்டிக்குள் நானும் வசந்தாமணியும், அவள் மடியில் தூங்கும் குழந்தையும்.

"நானும் எறங்கறேன்," என்றேன்.

"தள்ளவா?"

"சொல்றதுக்கு. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன்."

"என்னன்னு?"

"இது மழைக்காலம்னு எனக்குத் தெரியும்னு."

அவள் துப்பட்டா நுனியால் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தாள். பிறகு, குழந்தை விழிக்காதபடி தாழ்ந்த குரலில், ஒரு சொல் பிசகாமல், என் வகுப்பறைக் குரலில் சொன்னாள்:

"'நெடுமழைக் காலத்தில் புல் உயர்கிறது, விலங்குகள் சிதறுகின்றன. ஜூலை இறுதியில் மந்தைகள் மாரா ஆற்றங்கரையில் கூடுகின்றன.' இங்க சித்த நிறுத்துவீங்க. கைய இப்பிடி முன்னால நீட்டுவீங்க. 'முதல் விலங்கு தயங்குகிறது. அது குதிக்கும்வரை எதுவும் குதிப்பதில்லை.'"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஜூலை கடைசின்னா ஆடிதானுங்களே. வருசா வருசம் கேட்டவளுக்கு அதுகூடவா தெரியாது?"

"அன்னிக்கே... பந்தியிலயே?"

"ரசக் கரண்டியக் கையில புடிச்சுட்டு நின்னனே."

"ஏன் வசந்தா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். தை போச்சு. மாசி போச்சு. பங்குனியில திருச்செங்கோட்டுக்குப் போனீங்க, செரி, இன்னைக்குச் சொல்லீருவாருன்னு கதவு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

வெளியே வேலு, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கத்தினார். வண்டி ஆடியது. நகரவில்லை.

"இப்பச் சொல்றேன். நான் பண்ணுன தப்பு." கதவில் கை வைத்தேன்.

"எடுங்க கைய."

அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கையை எடுத்தேன்.

"இப்பச் சொன்னா உங்களுக்கு லேசாயிரும். அவரு, 'உடுங்கண்ணா'ன்னு தோள்ல கைய போட்டுக்குவாரு. உங்க கணக்கு முடிஞ்சுது. நானு? எம்பட புருசன் வேணும்னே இப்பிடிப் பண்ணுனாருன்னு தெரிஞ்சுக்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு தங்கச்சி ஊட்டுல போயிச் சோறு திங்கறது? இத்தன மாசமா வாய மூடீட்டுக் கொடை வாங்குனது, கோட்டு வாங்குனது எல்லாம் எதுக்கு?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. வெச்சுக்குங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."

பிறகு அவள் ஆறு இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து ஆறு தெரியாது.

வண்டி ஒருவழியாக மேலேறியது. வேலு சேறும் சிரிப்புமாக ஏறி வந்து, "அண்ணா எறங்காததும் நல்லதாப் போச்சு, ஒரு ஆளு எடை இருந்தாத்தான் சக்கரம் பிடிக்கும்," என்றார். எனக்காக அவரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.


ஏப்ரல் 30

கடைசி நாள். ஒரு பெண்சிங்கம் பாதையிலேயே எதிரே நடந்து வந்தது. மழைக்காலத்தில் நனைந்த புல் பிடிக்காமல் அவை பாதைக்கு வரும். வண்டியை உரசிக்கொண்டு போனது. ரோமம் ஒட்டிப்போய், எலும்பு தெரிய, யாரையும் பார்க்காமல். அது போனதும் ஈஸ்வரி என் கையைப் பிடித்து, "மாமா, நீங்க இல்லீன்னா இதெல்லாம் எங்களுக்கு ஏது!" என்றாள். கண் கலங்கியிருந்தது.

வசந்தாமணி எனக்கும் சேர்த்து, "ஆமா," என்றாள்.


மே 18

திருச்செங்கோட்டில் பேத்திக்குக் காதுகுத்து. சொந்தபந்தம் முழுக்க மண்டபத்தில். வேலு மைக்கை வாங்கி, எங்களை ஆப்பிரிக்கா கூட்டிப் போன அண்ணனுக்கு என்று சொல்லி, எனக்குப் பொன்னாடை போர்த்தினார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். பணிவு என்று பேசிக்கொண்டார்கள். முன்வரிசையில் வசந்தாமணி கை தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையை மடித்து என் அலமாரியில், நான் தினமும் சட்டை எடுக்கும் தட்டில் வைத்தாள்.


ஆகஸ்ட் 2

ஆடி பாதி போய்விட்டது. மூன்றாமாண்டு வகுப்பில் இன்று புல்வெளி மண்டலம்.

நான் போய் வந்த செய்தி மாணவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மழைப் பருவத்தை முடித்து ஆற்றங்கரைக்கு வந்தேன். வழக்கமாகக் கை நீளும் இடம். கை நீளவில்லை. அந்த அமைதியில் முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சார், இதை நேர்ல பாத்தீங்களா சார்?"

"இல்லை. நான் போனது நெடுமழைக் காலத்தில்."

"ஏன் சார்? இது தெரிஞ்சும் ஏன் சார் அப்பப் போனீங்க?"

நியாயமான கேள்வி. அதற்கு உரிய பதில் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல எனக்கு உத்தரவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்தேன்.

"ஆடியில் ஆகாது என்றார்கள்," என்றேன்.

ஒரு கணம் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்தார்கள். முகத்தைப் பார்த்து, இல்லை என்று புரிந்துகொண்டார்கள். பின் பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு வகுப்பு முழுவதும் பரவியது. விலங்கியல் வாத்தியார், முனைவர், ஆடி மாதத்துக்குப் பயந்தவர். மாலைக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். துறைத் தலைவர் அறைவரை போகும். போகட்டும். தடுக்காமல் நின்று முழுதும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எந்தப் பாடமுங்க?"

"அதுதான்."

"அந்த எடத்துல கைய நீட்டுனீங்களா?"

"இல்ல."

கத்தி நின்றது. "நீட்டோணும்," என்றாள். "பசங்களுக்கு அப்பத்தான் தெரியும், மொத மாடு எங்க தயங்குதுன்னு." பிறகு மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள்.